முக்காலியும் நூற்றெட்டுக் கரணமும்

சிற்பத்தின் புகைப்படம் ஒன்றைப் பார்க்கிறபோது நாம் சிற்பியைப் பற்றிப் பேசுகிறோம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் படம் எடுத்தவரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்வார்கள். அந்தச் சமயத்தில் காமிரா எதன்மேல், எந்த உயரத்தில், எப்படித் திருகப்பட்டு நின்றது என்று யாரும் விசாரிப்பதில்லை. விசாரிக்க வேண்டும் என்பது என் கட்சி. சிதம்பரம் கோபுர வாசல்களில் உள்ள கரணச் சிற்பங்களைப் பற்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எழுதப்பட்டு வந்திருப்பதில் கணிசமான பங்குக்கு முக்காலிதான் பொறுப்பு என்று நினைக்கிறேன்.

சிற்பங்கள் இருக்கும் நிலையை முதலில் சொல்லிவிட வேண்டும். வாசல் வழியில் இரு புறச் சுவர்களிலும் அரைத்தூண்கள். ஒவ்வொன்றிலும் கீழிருந்து மேலாகச் சதுரக் கட்டங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. கட்டத்துக்குள் ஆடுகிற ஒரு பெண். அவள் பக்கத்தில் சிறிய உருவில் வாத்தியக்காரர்கள், தோழியர். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் சிவனே நான்கு கைகளோடு கரணங்களை ஆடுகிறார். அவை விமானத்தின் மேல்தளச் சுற்றில், பொதுஜனம் போகாத இடத்தில் இருக்கின்றன. எண்பத்தொன்று முடிந்து மீதிக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. சிதம்பரத்தில் நூற்றெட்டும் உண்டு. அதுவும் தேங்காய் மூட்டையோடும் குழந்தையோடும் ஜனங்கள் கடந்துபோகிற பாதையில். கிழக்குக் கோபுரத்திலும் மேற்குக் கோபுரத்திலும் நாட்டிய சாஸ்திரத்தின் நான்காம் அத்தியாயச் சுலோகங்களையும் கிரந்த எழுத்தில் கட்டங்களோடு பொறித்து வைத்திருக்கிறார்கள்.

இந்த வழியாக நடப்பவனுக்கு எதிரே நிற்பது தூண். கண் நடுவில் எங்கோ பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறது. கழுத்து பின்னால் சாய்கிறது. மேல் கட்டங்களில் ஆடுகிறவளின் முழங்காலும் பாதமும் பெரிதாக, முகம் சின்னதாகத் தெரிகின்றன. புத்தகத்தில் இந்த அனுபவம் இல்லை. 1914-ல் வெளிவந்த சென்னைக் கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கை கிழக்குக் கோபுரத்துக் கரணங்களில் தொண்ணூற்று மூன்றைச் சுலோகங்களோடு அடையாளம் கண்டு வெளியிட்டது. 1926-ல் பரோடாவிலிருந்து, மானவல்லி ராமகிருஷ்ண கவி அபிநவகுப்தரின் உரையோடு பதிப்பித்த நாட்டிய சாஸ்திர முதல் தொகுதியில் சிதம்பரத்துக் கரணங்கள் படங்களாகச் சேர்ந்தன. 1936-ல் ‘தாண்டவ லக்ஷணம்’ வந்தது. அதன் மூன்று ஆசிரியர்களில் முதல்வரான பி. வி. நாராயணஸ்வாமி நாயுடு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் போதித்தவர். (பொருளாதாரக்காரர் ஒருவர் நாட்டியத்துக்குச் செய்த காரியத்தை நம் பண்டிதர்கள் போதுமான அளவு கொண்டாடவில்லை, வங்கிக்காரனான எனக்கு இதில் கொஞ்சம் ஜாதி அபிமானம் உண்டு.) இவற்றிலெல்லாம் தனித்தனிச் சதுரங்கள், சாஸ்திர வரிசை எண்ணோடு. தூண் காணாமல் போய்விட்டது.

அந்த அறிஞர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு வேண்டியிருந்தது சுலோகத்தையும் உருவத்தையும் பொருத்துவது. அகராதி செய்கிறவன் வார்த்தையைக் கவிதையிலிருந்து பிய்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அகராதியைக் கவிதையென்று வாசிக்கிற பழக்கம் பிறகு வந்தது. நேராக, கண்மட்டத்தில், ஒளி சமமாக விழ எடுக்கப்பட்ட நூற்றெட்டுச் சதுரங்களைப் புரட்டிய நாட்டிய மாணவர்கள் கரணம் என்றால் ஒரு நிலை, ஒரு ‘போஸ்’ என்று எண்ணிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. கரணம் ஓர் அசைவின் அலகு, சிற்பி அதன் தொடக்கத்தையோ நடுவையோ முடிவையோதான் பிடித்திருக்கிறான் என்று பத்மா சுப்ரமண்யம் தன் ஆராய்ச்சியில் வாதாட வேண்டியிருந்தது. அவர் யாரோடு வாதாடினார் என்று யோசித்தால், ஒரு பகுதி அந்தப் படங்களோடுதான் என்று தோன்றுகிறது.

மேல் கட்டம் ஒன்றைக் கண்மட்டத்தில் யார் பார்த்திருக்க முடியும்? சாரத்தில் நின்ற சிற்பி பார்த்திருப்பான். அவனுக்குப் பின், மறுபடி அந்த உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனது புகைப்படக் கருவிதான். இடையில் வந்த நூற்றாண்டுகளில் லட்சக்கணக்கான பேர் பார்த்தது வேறு சிற்பம்.

முக்காலி நம் நாட்டுக் கோயில்களுக்குள் நுழைந்தது புகைப்படத்தோடு அல்ல, நில அளவையோடு. காவிரிச் சமவெளியில் குன்று கிடையாது. தூரத்தில் உள்ள புள்ளியைக் குறிபார்க்க உயரம் வேண்டும். எனவே லாம்ப்டன் தன் முக்கோண அளவைக்குக் கோயில்களின் உச்சிகளைப் பயன்படுத்தினார். 1808-ல் தஞ்சாவூர் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தட்டி நிமிர்த்தினார் என்பது சரித்திரம். எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்றுதான்: ராஜராஜனின் விமானத்தை ஒருவன் கலையாகவும் பார்க்கவில்லை, தெய்வமாகவும் பார்க்கவில்லை, ஸ்டாண்டாகப் பார்த்தான்.

சரியாக ஐம்பது வருஷம் கழித்து அதே விமானத்தின் அடியில் இன்னொரு ராணுவ உத்தியோகஸ்தர் வந்து நின்றார். லின்னேயஸ் ட்ரைப், சென்னை ராஜதானி அரசாங்கத்தின் புகைப்படக்காரர். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பி, சேலம் ஜில்லா, ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மெழுகு தோய்த்த காகிதத்தில் நெகடிவ், நிமிடக்கணக்கில் வெளிச்சம் காட்ட வேண்டும். அவர் வெளியிட்ட தொகுதிகளின் தலைப்புகளில் சிதம்பரம் கிடையாது. ஆனால் சிதம்பரத்துக் கரணங்களைப் பற்றி யோசிக்கிற எவனும் பார்க்க வேண்டிய படம் அவருடையது. தஞ்சாவூர் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடுகிற கல்வெட்டை அவர் இருபத்தொரு படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் பத்தொன்பது அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார்.

இதைச் செய்ய என்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் முக்காலியைத் தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். சுவரிலிருந்து அதே தூரம், தரையிலிருந்து அதே உயரம், அதே மட்டம். ஒரு காலை அரை அங்குலம் கூட்டினால் எழுத்து வரி அடுத்த படத்தோடு சேராது. நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். ராஜராஜனின் எழுத்தை அவர் வாசிக்கவில்லை. வாசிக்கத் தெரியாத ஒருவர், அது தொடர்ந்து ஓடுகிற ஒரே வாசகம் என்பதை மட்டும் மதித்து, முக்காலியால் அதைப் பின்தொடர்ந்திருக்கிறார். பிற்பாடு கல்வெட்டை முறையாகப் படித்து அச்சிட்ட ஹூல்ட்ஷ் காலத்தவர்கள் மைப்படிகளை வைத்துத்தான் வேலை செய்தார்கள்; மைப்படிக்கு முக்காலி தேவையில்லை, ஈரக் காகிதமும் பிரஷும் போதும். அதனால் ட்ரைப்பின் சுருள் உபயோகமற்றது என்று ஒரு குமாஸ்தா குறிப்பெழுதலாம். எழுதினார்களோ இல்லையோ, 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவிலியன், இருக்கிற நிதிநிலைமைக்குப் புகைப்படம் பெரிய ஆடம்பரம் என்று தீர்மானித்தார். 1860-ல் கடை மூடப்பட்டது.

கிடைமட்டத்துக்குக் கிடைத்த இந்த மரியாதை செங்குத்துக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் விஷயம். தஞ்சாவூர் அடித்தளத்துக்குச் செய்ததைச் சிதம்பரத்து அரைத்தூணுக்கு அந்த நாளிலேயே செய்திருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிற்பகுதியின் மரக்காமிராக்களில் அதற்கான வசதி இருந்தது. காமிராவின் பின்பலகையை மட்டும் கழற்றி, கால் வட்டம் திருப்பி மாட்டினால் கண்ணாடித் தகடு நெட்டுக்குத்தாக நிற்கும். உடம்பு அசைய வேண்டாம். முன்பலகையில் லென்ஸை மேலே நகர்த்தினால், காமிராவை அண்ணாந்து பார்க்க வைக்காமலே கோபுரத்தின் மேல்பகுதி படத்துக்குள் இறங்கும். கோடுகள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாயாது. முக்காலியின் தலை மட்டமாக, லென்ஸின் அச்சு மூன்று கால்களுக்கு நடுவில். பழைய கோபுரப் படங்கள் ராணுவ அணிவகுப்பு மாதிரி நிமிர்ந்து நிற்பதன் ரகசியம் இதுதான்.

பிறகு காமிரா சிறுத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மார்பில் தொங்கவிட்டுக் குனிந்து பார்க்கிற சதுரப்பட காமிராக்கள் வந்தன. சதுரத்துக்கு நெடுக்கும் குறுக்கும் இல்லை, ஆகவே திருப்பும் பிரச்சினையும் இல்லை. கரணக் கட்டமும் சதுரம். இரண்டும் ஒன்றுக்கொன்று செய்துவைத்த மாதிரிப் பொருந்திவிட்டதால், ஒரு கட்டம் ஒரு படம் என்ற வழக்கம் கேள்வியில்லாமல் நிலைத்தது என்பது என் ஊகம். 1925-ல் சந்தைக்கு வந்த லைக்கா வேறு வகையில் கெடுத்தது. இருபத்துநாலுக்கு முப்பத்தாறு மில்லிமீட்டர். பிறவியிலேயே படுத்துக்கிடக்கிற சட்டகம். திருகுமரை அடிவயிற்றில். நெட்டுப் படம் வேண்டுமென்றால் முக்காலித் தலையையே பக்கவாட்டில் தொண்ணூறு பாகை சாய்க்க வேண்டும். அப்போது காமிரா முக்காலிக்கு வெளியே தொங்கும். லென்ஸ் ஏறக்குறைய ஒரு சாண் இடம் மாறும். கனமான லென்ஸானால் திருகு மெல்ல நெகிழ்ந்து தலை கவிழும். கையில் பிடித்தால் திருப்புவது சுலபம். எனவே நெட்டுப் படம் கையின் வேலையாயிற்று. முக்காலி நிலப்பரப்புக்காரர்களோடு படுத்துக்கொண்டது.

நான் ஒரு தூணை முழுசாக எடுத்துப் பார்க்க விரும்பினேன். அதற்காகப் பிராக்கெட் தேடப் போனபோதுதான் மேலே சொன்ன சரித்திரம் எனக்குத் தலைப்பட்டது. கடலூரில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிற என் தங்கை மகன், “மாமா, கல்யாணத்துல யாரு ஸ்டாண்டு போட்டு போட்டோ எடுக்குறா? ஜனம் தட்டிவிட்டுட்டுப் போயிடும். வீடியோக்காரங்ககிட்டதான் கேக்கணும்” என்றான். வீடியோக்காரர்களுக்கும் நெட்டுப் படம் வேண்டியதில்லை. சென்னையில் ஒரு கடையில் கிடைத்தது.

எல் வடிவத்தில் மடித்த அலுமினியத் தகடு, அவ்வளவுதான். ஒரு கை காமிராவின் அடியில், மறு கை இடப்பக்கத்தில். இரண்டு கைகளின் ஓரமும் ஒரே மாதிரி உள்வாங்கிச் சரிந்திருக்கும். முக்காலித் தலையில் உள்ள இரண்டு தாடைகள் அதைக் கவ்வும். ஆர்க்கா-ஸ்விஸ் கம்பெனி கொண்டுவந்த இந்தக் கவ்வுமுறையை இப்போது எல்லாரும் செய்கிறார்கள். தகட்டின் அகலம் சுமார் 38 மில்லிமீட்டர். படுக்கைப் படத்துக்கு அடிக்கையைக் கவ்வ விடுங்கள். நெட்டுக்குக் கழற்றி, பக்கக்கையைக் கவ்வ விடுங்கள். லென்ஸ் முக்காலியின் நடுவிலேயே இருக்கும். மரக்காமிராவின் திரும்பும் பின்பலகை நூறு வருஷம் கழித்து உலோகத்தில் திரும்பி வந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

தேர்வு செய்வதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. எல்லாக் காமிராவுக்கும் பொருந்தும் என்று விற்கப்படுவது எதற்கும் சரியாகப் பொருந்துவதில்லை. அதில் நீள்துளை இருக்கும். திருகை எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம். அதே காரணத்தால் காமிரா திருகைச் சுற்றி மெல்லச் சுழலும். குறிப்பிட்ட ஒரு காமிராவுக்கென்று செய்ததில் அடிப்பாகத்தின் வடிவத்தை அணைத்துக்கொள்கிற சிறு விளிம்பு உண்டு. அது சுழல விடாது. பக்கக்கை, இடப்புறத்து வயர்த் துளைகளை மூடக் கூடாது. தூரத்திலிருந்து ஷட்டரை இயக்கும் வயர் அங்கேதான் போக வேண்டும். பேட்டரி மூடி, பிராக்கெட்டைக் கழற்றாமல் திறக்க வேண்டும்; வாசலில் நின்றுகொண்டு ஸ்க்ரூ டிரைவர் தேட முடியாது. திருகு காமிராவுக்குள் அரை சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நீண்டால் அடியைக் குத்தும். நீண்ட, கனமான லென்ஸுக்கு இந்த எல்லாம் பயன்படாது. அதற்கு லென்ஸின் இடுப்பிலேயே ஒரு வளையம் இருக்கும்; அந்த வளையத்தின் காலை முக்காலியில் பூட்டிவிட்டு, காமிராவை வளையத்துக்குள் சுழற்றிக்கொள்ளலாம். ஆனால் வாசல் வழிக்குள் பின்னால் போக இடம் கிடையாது, ஆகவே நீண்ட லென்ஸுக்கே வேலையில்லை.

அந்தத் திருகைப் பற்றி ஒரு வார்த்தை. கால் அங்குலக் குறுக்களவு, அங்குலத்துக்கு இருபது மரை. 1841-ல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தில் திருகுகளுக்கு ஒழுங்கு செய்தபோது வந்த கணக்கு இது. மரையின் கோணம் பிறகு மாறியிருக்கிறது. அளவு அப்படியே இருக்கிறது. நாம் ஆழாக்கையும் அங்குலத்தையும் விட்டு மெட்ரிக்குக்கு மாறிப் பல காலம் ஆயிற்று; ஜப்பான்காரன் மில்லிமீட்டரில் செய்கிற காமிராவின் வயிற்றில் மட்டும் விக்டோரியா மகாராணி காலத்து அங்குலம் உட்கார்ந்திருக்கிறது. மரபு என்பதைப் பற்றி நம் பத்திரிகைகளில் நடக்கிற சர்ச்சைகளில் யாராவது இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி எங்கே நிறுத்துவது என்ற கேள்வி. சட்டத்துக்கே முக்காலியின்மேல் ஒரு கண் உண்டு. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கான 1959-ம் ஆண்டு விதிகள் ‘கைக்காமிரா’ என்பதை வரையறுக்கும்போது, தரையில் முக்காலி ஊன்றித் தாங்கப்படாத காமிரா என்று சொல்கின்றன. பெரிய காமிரா, சின்ன காமிரா என்ற பேதம் இல்லை. தரையில் மூன்று கால் ஊன்றினால் நீங்கள் வேறு ஜாதி. ஊன்றுகிறவன் தங்குகிறவன், தங்குகிறவனுக்கு நோக்கம் இருக்கும் என்று அந்த விதியை எழுதியவர் சரியாகவே யூகித்திருக்கிறார். தஞ்சாவூரில் அந்தத் துறையிடம் அனுமதி பெற வேண்டும். சிதம்பரத்தில் தீட்சிதர்களிடம் கேட்க வேண்டும். கேட்டுத்தான் நிறுத்தினேன்.

ஜே. சி. ஹார்ல் 1963-ல் சிதம்பரம் கோபுரங்களைப் பற்றி எழுதிய நூல் இன்றும் தவிர்க்க முடியாதது. கோபுரத்தை அதன் மாடங்களில் எந்தத் தெய்வம் எந்தத் திசையில் நிற்கிறது என்பதோடு சேர்த்துப் பார்க்கிற நூல். கட்டடத்தை வரிசையாக, இடம் மாற்றாமல் வாசிக்கிற ஒழுக்கத்தை அதில்தான் கற்க முடியும். அந்த ஒழுக்கம் வாசலுக்குள் இருக்கிற கரணங்களுக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இதற்கு எதிரான வாதம் ஒன்று உண்டு, அது பலமானதும்கூட. ரோடின் இந்தியாவுக்கு வந்ததில்லை. சென்னை மியூசியத்து நடராஜ வெண்கலங்களின் புகைப்படங்களைப் பாரிசில் வைத்துக்கொண்டு அவர் எழுதிய கட்டுரை அவர் இறந்து நான்கு வருஷம் கழித்து, 1921-ல் அச்சாயிற்று. பல கோணங்களில், பகுதி பகுதியாக எடுத்த படங்கள். துண்டுகளிலிருந்தே ஒரு சிற்பி முழுமையைக் கண்டுகொண்டார் அல்லவா, சதுரங்களிலிருந்து நாமும் காணக் கூடாதா என்று கேட்கலாம். என் பதில்: ரோடினுக்குக் கிடைத்த படங்கள் ஒரே உருவத்தைச் சுற்றி வந்தவை. காமிரா இடம் மாறியது, சிற்பம் மாறவில்லை. அவர் மனதில் அந்தச் சுற்று ஓர் அசைவாயிற்று. நம் கரணப் புத்தகங்களில் சிற்பம் மாறிக்கொண்டே இருக்கிறது, காமிரா மட்டும் எப்போதும் அதே இடத்தில், நேர் எதிரே, சாரத்தில் நிற்கிற பாவனையில் இருக்கிறது. இதிலிருந்து அசைவைக் காண ரோடினே திணறியிருப்பார்.

நான் எடுத்துக்கொண்ட முறை எளிது. முக்காலியின் உயரம் நடக்கிறவனின் கண்ணுயரம். ஐந்தடிக்குச் சற்று மேல். பிராக்கெட்டின் பக்கக்கை கவ்வ, சட்டகம் நெட்டுக்குத்தாக. லென்ஸ் இடம் மாறாமல் மட்டத்தில் ஒரு படம், பிறகு மேல்நோக்கிச் சாய்த்து ஒன்று, இன்னும் சாய்த்து ஒன்று, கீழே ஒன்று. இவற்றைச் சேர்த்தால் தூண் முழுவதும் வரும். மேலே போகப் போகக் கட்டங்கள் குறுகும். கோடுகள் சாயும். கம்ப்யூட்டரில் அவற்றை நிமிர்த்த வழி இருக்கிறது. நிமிர்த்தவில்லை.

கிழக்குக் கோபுர வழி கிழக்கு மேற்காக ஓடுகிறது. சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. காலை வெயில் வெளியிலிருந்து வழிக்குள் சாய்ந்து வரும்போது சுவரை நேராக அடிக்காமல் உரசிக்கொண்டு போகிறது. அந்த நேரத்தில் தூக்கிய முழங்காலின் நிழல் பக்கத்தில் இருக்கிற மத்தளக்காரன்மேல் விழும். தனிச்சதுரப் படங்களில் இந்த நிழலைக் குறையென்று தவிர்த்திருப்பார்கள். உருவம் தெளிவாகத் தெரிய வேண்டுமே. தூணாகப் பார்க்கும்போது நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே பக்கம் சாய்ந்து, கீழ்க் கட்டத்தில் தாழ்ந்த இடுப்பையும் மேல் கட்டத்தில் எறிந்த காலையும் ஒரே வீச்சில் சேர்க்கின்றன. இது சிற்பியின் எண்ணம் என்று சாதிக்க எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் ஒரு தூணில் எந்தக் கரணத்துக்கு மேல் எந்தக் கரணம் இருக்கிறது என்பதையும், காலை வெயிலில் அவை ஒன்றாக எப்படித் தெரிகின்றன என்பதையும் கணக்கில் எடுக்காத எந்த வாதமும், அகராதியைப் பற்றிய வாதம்தான்.

முதல் நாள் நான்கு படங்களில் மூன்றாவதில் ஒரு அம்மாள் குடத்தோடு குறுக்கே வந்துவிட்டார். நடந்தபடியே எடுத்த இடத்தில் அவருடைய உருவம் கரைந்து, தோளும் குடமும் மட்டும் மங்கலாகத் தூணின் அடியில் பதிந்திருக்கின்றன. அதை மறுபடி எடுக்கவில்லை. மேற்குக் கோபுரத்துக்கு மாலை வெயில் வேண்டும். அது வங்கி வேலைக்கு ஒத்துவராத நேரம் அல்ல. அங்கேயும் சுலோகங்கள் உண்டு. முக்காலியின் ஒரு கால் பூட்டு மட்டும் கொஞ்சம் இறங்குகிறது. அதைச் சரிசெய்த பிறகு போக வேண்டும்.